குழாய்ச் சத்தம்

சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போன புதிதில் மாரீஸ்வரி ஆச்சரியப்பட்டது ஒன்றுக்குத்தான். அந்த அடுக்குமாடியில் ஒரு வீட்டு அழுகை அடுத்த வீட்டுக்குக் கேட்பதே இல்லை. கேட்கவும் கூடாது என்று முதலாளியம்மா சொல்லிவிட்டாள். ஊர் நினைப்பு வந்தால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில்தான் அழுவாள். அப்படியே ஒன்பது வருஷம் ஓடிப்போனது.

அம்மா செத்த சேதி கேட்டு ராஜபாளையத்துக்கு ஓடிவந்தாள். பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். அவளுக்கோ வாயைத் திறந்தால் சத்தமே வரவில்லை.

"பெத்த தாய்க்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடுதாளா பாரு, கல்நெஞ்சுக்காரி!" என்றாள் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சித்தி.

மாரீஸ்வரி எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு குழாயைத் திருகினாள். வெறும் காற்றுதான் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தண்ணீர் வரட்டும் என்று காத்திருந்தாள்.