பச்சை முட்டையும் ஒரு கேள்வியும்

என் மகளின் கையில் முதன்முதலில் தடிப்பு வந்தபோது நுளம்புக்கடி என்றேன். அடுத்த மாதம் வந்தபோது தண்ணீர் என்றேன். எங்கள் ஊர் பூநகரியில் எதற்கும் தண்ணீரைக் குற்றம் சொல்லலாம், ஒருவரும் மறுத்துப் பேச மாட்டார்கள். தோல் சிவந்து, தடித்து, சொறியச் சொறியப் பரவும். இரண்டு நாளில் சுவடில்லாமல் போய்விடும்.

அவளுக்குப் பதினேழு வயது, உயர்தர வகுப்பில் படிக்கிறாள். மாதவிடாய்க்குச் சற்று முந்தித்தான் தடிப்பு வருகிறது என்பதை அவளே கவனித்துச் சொன்னாள். நான் உடற்சூடு என்று தீர்த்துவிட்டேன். எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு.

எங்கள் வீடுகளில் பிள்ளை பெரியவளானால் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்போம், கத்தரிக்காய் பொரித்துக் கொடுப்போம். இடுப்புக்குப் பலம் என்பார்கள். நான் அதோடு விடவில்லை. பிறகும் ஒவ்வொரு மாதமும் அந்த மூன்று நாளும் கொடுத்தேன்.

“அம்மா, இதைத் திண்டாத் தடிப்பும் கடியும் கூடுது” என்பாள்.

“வாயைக் காட்டாமல் குடி” என்பேன்.

பிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். மாதவிடாய் வந்ததையே மறைத்தாள். இரண்டு மாதம் பார்த்தேன். மூன்றாம் மாதம் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

“ஆரடி அவன்?”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அழவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையை இப்போது எழுதும்போதும் தாங்க முடியவில்லை.

நாலு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை தானாகவே வந்து கதிரையில் இருந்தாள்.

“வந்திட்டுது. முட்டையைத் தாங்கோ. கத்தரிக்காயும் பொரிச்சுத் தாங்கோ.”

என் முகத்தைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தாள். எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்று வெட்கமாக இருக்கிறது.

ஒரு மணித்தியாலத்துக்குள் உதடு வீங்கியது, குரல் அடைத்தது. கணவர் கடலுக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டு ஓட்டோவில் கிளிநொச்சிக்கு ஓடினோம். அந்த வீதி அவ்வளவு நீளமானது என்று அன்றுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் அட்ரினலின் (மூச்சுப்பாதை வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) ஏற்றிய பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது.

வைத்தியர் ஓர் இளம் பெண். பொறுமையாக விளக்கினார். ஹிஸ்டமின் (தடிப்பையும் கடியையும் உண்டாக்கும் இரசாயனம்) வெளிவரச் சில பெண்களில் ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹோர்மோன்) தூண்டுகோலாகலாம். ஹிஸ்டமின் திரும்பச் சூலகத்தை (கருமுட்டை உருவாகும் உறுப்பு) தூண்டி ஈஸ்ட்ரோஜனைக் கூட்டலாம். இதைத் தணிக்கக்கூடிய புரொஜெஸ்தரோன் (மற்றொரு பெண் ஹோர்மோன்) மாதவிடாய்க்கு முன் குறைந்துவிடும்.

“எல்லாருக்கும் இப்பிடி வராது அம்மா. பிள்ளைக்கு அந்த நாளில முட்டையோ கத்தரிக்காயோ ஒத்துக்கொள்ளேல்லைப் போல. சோதிச்சுப் பாப்பம், அதுவரைக்கும் ரெண்டும் வேண்டாம். முந்தி ஒருக்காலும் அவா சொல்லேல்லையோ?”

“சொன்னவள். நான்தான் கேக்கேல்லை.”

உங்கள் வீட்டிலும் இப்படியொரு பிள்ளை இருந்தால், தடிப்பு வந்த திகதியையும் சாப்பிட்டதையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள். உதடோ நாக்கோ வீங்கினால் ஒரு நிமிடமும் வீட்டில் நிற்காதீர்கள்.

வைத்தியர் தந்த மாத்திரையால் இப்போது தடிப்பு நன்றாகக் குறைந்துவிட்டது. ஒருநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சீருடையை மடித்துக்கொண்டே சொன்னாள்:

“சாப்பாட்டுக்கு எனக்குக் கோவமில்லை அம்மா. அந்தத் தடிப்பு வருத்தத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. ஆனா என்னைத் தெரியும்தானே?”



எனக்கும் இப்போது மாதவிடாய் தள்ளித் தள்ளித்தான் வருகிறது. என் உடலின் கணக்கை நான் விட்டுவிட்டேன். மாதம் என்றால் எனக்கு இனி அவளுடைய நாட்கள்தான். நாள் கிட்டும்போது வந்துவிட்டதா என்று கேட்க வாய் உன்னும். கேட்பதில்லை. அவளாக வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை.