நாற்பது வீட்டுக்கு ஒரே விலாசம்

சிதம்பரத்தில் மங்கலத்தை டீச்சர் என்று கூப்பிடாதவர்கள் இல்லை. ஆனால் அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவள் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பாத்திரக் கடை மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினாள், அவ்வளவுதான். 2004-இல் அதே மாடியில் ஒரு கம்ப்யூட்டரும் பிரின்டரும் வாங்கிப் போட்டாள். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று துருவிய பெண்களுக்கு, "நேரம் கெடைக்கலம்மா, டைப் அடிச்சிக்கிட்டு இருந்தேன்" என்பாள். கேட்டவர்கள்தான் அசடு வழிய மாடியிறங்கிப் போவார்கள்.

குமராட்சி, காட்டுமன்னார்கோயில் பக்கமிருந்து சிங்கப்பூருக்கும் மஸ்கட்டுக்கும் போன பிள்ளைகளின் வீட்டில் அப்போது கம்ப்யூட்டர் ஏது, மெயில் ஏது? மங்கலம் ஒரே ஒரு மெயில் விலாசம் வைத்திருந்தாள். நாற்பது வீட்டுக்கும் அதுதான். பையன்கள் தலைப்பில் வீட்டு ஆள் பேரையும் ஊரையும் போட்டு, தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவார்கள். அதை அவள் பிரின்ட் எடுத்து, பின்பக்கம் தமிழில் கையால் எழுதி, மடித்து ஸ்டேப்ளர் அடித்து, மூணு மணி மினி பஸ் கண்டக்டர் சாமிக்கண்ணுவிடம் கொடுப்பாள். அவர் ஊர் ஊராக இறக்கிக் கொடுத்துவிட்டுப் போவார். பதில் எழுத வேண்டியவர்கள் நேரில் வந்து சொல்லச் சொல்ல இவள் அடிப்பாள்.

இதில் மங்கலத்துக்கு இரண்டு பிடிவாதங்கள். ஒன்று, வந்ததை வந்தபடி படிப்பது. மகன் அப்பனைத் திட்டி எழுதியிருந்தாலும் ஒரு வார்த்தை விடமாட்டாள். இன்னொன்று, வந்த மெயில் யாருக்காவது வந்ததுதான் என்ற எண்ணம். அவசரத்தில் பேர் போடாமல் அனுப்பிவிடுவார்கள் சில பையன்கள். உள்ளே "கறவ மாடு கன்னு போட்டுச்சா" என்று இருந்தால் அது குமராட்சி அமராவதி வீட்டுக்கு. "தங்கச்சிக்கு டீச்சர் ட்ரெய்னிங் சீட்டு கெடச்சிதா" என்றால் அது இன்னொரு வீட்டுக்கு. நாற்பது வீட்டுக் குடும்பக் கதையும் அவளுக்கு அத்துப்படி. மூணு வருஷத்தில் ஒரு தாள்கூட வீடு மாறிப் போனதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமே இருந்தது என்று சொல்ல வேண்டும்.

2007 கார்த்திகையில், நல்ல மழை நாளில், அந்த மெயில் வந்தது. இங்கிலீஷில் இருந்தது. பேர் இல்லை. மங்கலம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

உன்னைக் கொல்லச் சொல்லி எனக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர் உனக்கு வேண்டியவர், நீ நம்புகிறவர். பத்து நாளாக உன் பின்னாலேயே என் ஆள் இருக்கிறான். நீ தப்புச் செய்யாதவன் என்று தெரிந்ததால் எழுதுகிறேன். எட்டாயிரம் டாலர் கொடுத்தால் உன்னை விட்டுவிடுகிறேன், யார் கொடுத்தது என்றும் சொல்கிறேன். போலீசுக்குப் போனாலோ வீட்டில் சொன்னாலோ அன்றைக்கே உன் கதை முடிந்தது.

எழுந்துபோய் மாடிக் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தாள். வேடிக்கை என்னவென்றால், லாட்டரி விழுந்திருக்கிறது, கோடி ரூபாய் வந்திருக்கிறது என்று வரும் மெயில்களை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. "கும்புட்ட சாமியே ஒத்தை ரூவா குடுத்ததில்ல, மூஞ்சி தெரியாதவனா குடுப்பான்" என்று சிரித்துக்கொண்டே அழித்துவிடுவாள். நல்லது வரும் என்றால் நம்பாத அதே மனுஷி, கெட்டது வருகிறது என்றதும் உடனே நம்பிவிட்டாள்.

சரி, யாருக்கு வந்தது? அதுதான் கேள்வி. வழக்கம்போல உட்கார்ந்து வீடு வீடாக யோசித்தாள். அந்த வாரம் பிரின்ட் எடுத்து வைத்திருந்த இன்னொரு தாள் மேஜை மேலேயே கிடந்தது. சிங்கப்பூரிலிருந்து செம்பியன், அண்ணன் காத்தவராயனுக்குப் போட்டது.

காத்தவராயன் காட்டுமன்னார்கோயிலில் ஒரு ரைஸ் மில்லில் நெல் அவிக்கிறவர். குமராட்சிக்கு உள்ளே தள்ளி வீடு. அப்பா அம்மா போன பிறகு, தன்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவனான தம்பியைப் படிக்கவைத்து, வெல்டிங் பழக்கி, கப்பல் பட்டறைக்கு அனுப்பினது அவர்தான். அண்ணன் தம்பிக்குள் ஒரே ஒரு இழுபறி. அம்மா இருந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்ட வேண்டும் என்பது தம்பி கட்சி. அம்மா செத்த இடத்தில் கடப்பாரை படக்கூடாது என்பது அண்ணன் கட்சி. இந்தத் தடவை செம்பியன் சூடாகவே எழுதியிருந்தான். "தை மாசம் வரேன். வந்து முடிச்சிட்டுதான் போவேன். நீ குறுக்க நின்னா சும்மா பாத்துக்கிட்டு இருக்கமாட்டேன்."

மங்கலம் சாமிக்கண்ணுவிடம் தாளைக் கொடுக்கவில்லை. "காத்தவராயண்ணன நேர்ல வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் அவர் வந்தார். வேட்டியெல்லாம் உமி. மங்கலம் கதவைச் சாத்திவிட்டு இங்கிலீஷ் மெயிலை வரிக்கு வரி தமிழில் சொன்னாள். பிறகு செம்பியன் மெயிலைப் படித்தாள். பேர் அவள் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அது போதாதா?

காத்தவராயன் வேட்டியிலிருந்த உமியைத் தட்டிவிட்டார்.

"எட்டாயிரம் டாலருன்னா நம்ம காசுல எவ்ளோ டீச்சரம்மா?"

"மூணு லட்சத்துக்கு மேல வரும்ணே."

"அவ்ளோ குடுத்து வாங்குற உசுரா இது?" என்று லேசாகச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "பத்து நாளான்னு போட்டிருக்கா? போன வெள்ளிக்கிழம மில்லு வாசல்ல ஒருத்தன் எம் பேரு சொல்லி விசாரிச்சானாம். நான் பாய்லர்கிட்ட இருந்தேன்."

அந்த ஆள் இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அன்றைக்கு யாருக்குத் தெரியும்? காத்தவராயன் எழுந்தார். "சரிம்மா" என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, "இனிமே அவன் லெட்டர் வந்தா எனக்கு வேணாம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினார். நாம் செய்தது சரிதானே, ஒரு உயிரைக் காப்பாற்றினோமே என்று மங்கலம் அன்று பூராவும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தையில் செம்பியன் வந்தான். பெட்டி நிறைய சாமானும் கல்யாண ஏற்பாடுமாக வந்தான். அண்ணன் மில்லிலேயே படுத்துக்கொண்டார். தம்பி கொண்டுவந்த சாக்லேட் எறும்பு மொய்த்துக் கிடந்தது. தம்பி கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. மாசியில் கல்யாணம். அப்பா இடத்தில் நிற்க வேண்டிய அண்ணன் வயிற்று வலி என்று சொல்லிவிட்டார். தாய்மாமன் ஒருவர் நின்று நடத்தினார். மணையில் உட்கார்ந்திருந்த பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று சாமிக்கண்ணு வந்து சொன்னார். வீட்டை இடிக்கிற பேச்சே எடுக்காமல் செம்பியன் திரும்பிப் போனான்.

அதற்குப் பிறகு அவனிடமிருந்து பதினோரு மெயில் வந்தது. "அண்ணா நான் என்ன தப்பு பண்ணேன்" என்று ஒன்று. "வீடு அப்பிடியே இருக்கட்டும், நீ பேசுனா போதும்" என்று ஒன்று. மங்கலம் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்தாள், பின்பக்கம் தமிழில் எழுதினாள், ஸ்டேப்ளர் அடித்தாள், ஒரு ஃபைலில் போட்டாள். வேணாம் என்றவருக்கு எப்படி அனுப்புவது? கொலைகாரன் நன்றாகத்தான் நடிக்கிறான் என்று முதல் இரண்டு மெயிலுக்குத் தோன்றியது. அப்புறம் எதுவும் தோன்றவில்லை. பன்னிரண்டாவது வரவேயில்லை.

2011 கடைசியில் ‘தானே’ புயல் வந்து போனது. கரண்ட் இல்லாமல் கடை மூடிக் கிடந்தது. கரண்ட் வந்த அன்று மெயில் பெட்டியைத் திறந்தால் மெயிலாகக் கொட்டியது. அம்மா உயிரோட இருக்காளா, கூரை இருக்கா, மாடு இருக்கா என்று. அவற்றுக்கு நடுவில் ஒன்று இங்கிலீஷில் இருந்தது. உன்னைக் கொல்லச் சொல்லி எனக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். அதே வரிகள். பத்து நாள், எட்டாயிரம் டாலர், எல்லாம் அதேதான்.

மங்கலம் அதைப் பிரின்ட் எடுத்து, ஃபைலிலிருந்த பழைய தாளையும் தேடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இந்தத் தடவை யாருக்கும் சொல்லியனுப்பவில்லை. மறுநாள் காலையில் கடலூர் பஸ் ஏறினாள். வழியெல்லாம் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. மஞ்சக்குப்பத்தில் அவள் அண்ணன் மகள் ரேகா ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை பார்த்தாள். தாளை அவளிடம் நீட்டினாள்.

ரேகா பாதி படிப்பதற்குள் சிரித்துவிட்டாள். "அய்யோ அத்த, இதுக்கா புயல்ல பஸ் ஏறி வந்தே? இது ஏமாத்து மெயிலு. ஒரே மெயில ஊரு உலகத்துக்கெல்லாம் போடுவானுங்க. லட்சம் பேர்ல ஒருத்தன் பயந்து காசு அனுப்புனா லாபம்தானே."

"யாருக்குன்னு இல்லாமயா?"

"யாருக்குமே இல்லத்த. இரு, காட்றேன்." ரேகா அந்த வரிகளை அப்படியே அடித்துத் தேடினாள். எங்கெங்கோ ஊர்க்காரர்கள் எனக்கும் வந்தது, எனக்கும் வந்தது என்று எழுதி வைத்திருந்தார்கள். "அமெரிக்காவுல ஒரு டாக்டருக்கு வந்திருக்குது பாரு. அவரு அன்னிக்கே போலீசுல சொல்லிட்டாரு. நீ பயந்தே பூட்டியா?"

மங்கலம் "இல்லடி" என்றாள். ரேகா கொடுத்த காப்பியைக் குடித்தாள். சூடா, ஆறிப்போனதா என்றுகூடத் தெரியவில்லை. அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாருக்குமே இல்ல, யாருக்குமே இல்ல என்று விரல் தன்பாட்டுக்கு மடியில் டைப் அடித்துக்கொண்டு வந்தது. ஆலப்பாக்கம் தாண்டியதும் அவளாகவே விரலை மடக்கிக்கொண்டாள்.

சிதம்பரத்தில் இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. ஃபைலை எடுத்துக்கொண்டு அதே மினி பஸ்ஸில் குமராட்சி போனாள். அந்த ஓட்டு வீடு தரைமட்டமாகக் கிடந்தது. கடப்பாரையே படக்கூடாது என்று நின்ற வீட்டைப் புயல் ஒரே காலையில் முடித்துவிட்டது. காத்தவராயன் உடையாத ஓடுகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். மங்கலம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு வார்த்தை விடவில்லை.

"நான்தாண்ணே ரெண்டையும் முடிச்சி போட்டேன். எந்தப் பாவியோ எங்கியோ உக்காந்து போட்டத, உங்களுக்குத்தான்னு நான்தான் கூப்புட்டு குடுத்தேன். என்னைச் செருப்பால அடிங்க."

அவர் கையிலிருந்த ஓட்டை அடுக்கில் வைத்தார். இன்னொன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

"உன்ன அடிச்சி என்னம்மா ஆவப்போவுது? நீ படிச்ச, அவ்ளோதான். நம்புனது நானு. தூக்கி வளத்த புள்ள, என்னைக் கொல்ல ஆளு வைப்பான்னு நாலு வருசம் நம்பிக்கிட்டு கெடந்தேன். மெயிலு பொய்யின்னா நம்புனது பொய்யாயிடுமா?"

மங்கலம் ஃபைலை நீட்டினாள். பதினோரு தாளும் அதில் இருந்தன. அவர் வாங்கவில்லை. "அவனுக்கு ஒண்ணு எழுதும்மா. நடந்தத அப்பிடியே எழுது. மன்னிக்கச் சொல்லி எழுதாத. அத நான் நேர்ல கேக்கணும்" என்றார்.

அவள் அன்றே எழுதினாள். தன் பங்கையும் சேர்த்து எழுதினாள். மறுநாள் பதில் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஐந்தாம் நாள் காலையில் வந்தது. தலைப்பில் காத்தவராயன், குமராட்சி என்று ஒழுங்காகப் போட்டிருந்தான். மங்கலம் முதலில் தனியாகப் படித்தாள். கடையில் உட்கார்ந்த இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வரியை விட்டுவிடலாமா என்று நினைத்தாள். விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் தானாக ஒன்றை நினைத்துக்கொண்டு செய்தது ஒருமுறை போதும் என்று இருந்தது.

சாமிக்கண்ணு சொல்லி, மறுநாள் பதினோரு மணிக்குக் காத்தவராயன் வந்து சேர்ந்தார். எட்ட உட்கார்ந்தார். அவள் படித்தாள்.

"அண்ணனுக்கு. நல்லா இருக்கேன். பொண்ணுக்கு மூணு வயசு ஆவுது. வீடு விழுந்துடுச்சின்னு மாமா போன்ல சொன்னாரு. டீச்சரம்மா மேல கோவம் இல்ல. அந்த மெயிலு எனக்கும் வந்துச்சு. அதே வருசம், அதே மழ மாசம். உன்ன மாதிரியே நானும் நெஜம்னு நம்பிட்டேன். ரெண்டு நாளு வேலைக்கே போவல. யாரு காசு குடுத்திருப்பான்னு ஒவ்வொருத்தனா நெனச்சிப் பாத்தேன். சூப்பர்வைசர நெனச்சேன். ரூம்ல கூடப் படுக்கிறவன நெனச்சேன். பொண்ணு குடுக்கிறவங்களக்கூட நெனச்சேன். உன்ன நெனைக்கலண்ணா."

அவ்வளவுதான் இருந்தது. வருகிறேன் என்றும் இல்லை, வரமாட்டேன் என்றும் இல்லை. கீழே பாத்திரக் கடையில் யாரோ குடத்தைத் தட்டி விலை பேசிக்கொண்டிருந்தார்கள். காத்தவராயன் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், முகத்தைத் துடைக்கவில்லை.

"கடைசி வரிய இன்னொரு வாட்டி படிம்மா."

மங்கலம் படித்தாள்.