வாசலில் வைத்த எலுமிச்சம்பழம்

என் மூத்த மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம், இரண்டாயிரமாம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னேபின்னே இருக்கும், மதுரை சிம்மக்கல் பக்கத்துத் தெரு ஒன்றில் இது நடந்தது. நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மார்க்கெட்டில் உதிரிப்பூ வாங்கிக் கட்டி, வீடு வீடாகக் கொடுப்பது என் தொழில். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான்.

நான் பூக் கொடுத்த வீடுகளில் ஒன்றில் புருஷனும் பொஞ்சாதியும் மட்டும் இருந்தார்கள். ஜவுளி வியாபாரம். வெளியாரிடம் தமிழ் பேசுவார்கள், வீட்டுக்குள் அவர்கள் பாஷை. அது எனக்கு ஒரு சொல்லும் புரியாது. அப்போதுதான் வீட்டைப் புதுப்பித்து, வாசலிலிருந்து பூஜை அறை வரை வெள்ளை மார்பிள் போட்டிருந்தார்கள். அந்த அக்கா அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் முந்தானையால் துடைத்துவிடும்.

அவர்கள் மகளின் பிரசவத்துக்காக இருவரும் பெங்களூருக்குக் கிளம்பினார்கள். ஒன்றரை மாதம். வெள்ளிக்கிழமை மட்டும் திறந்து சாமிக்குப் பூப்போட்டு விளக்கேற்றச் சொல்லி அந்த அக்கா என் கையில் சாவியைக் கொடுத்தது. சொந்தக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்க, என் கையில். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அன்று ராத்திரி சாவி இருக்கிறதா என்று மூன்று தடவை எழுந்து பார்த்தேன்.

பூட்டிக் கிடக்கிற புது வீடு, ஊர்க் கண்ணெல்லாம் அதன் மேல்தானே இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. யாரும் சொல்லாமலேயே முதல் வெள்ளிக்கிழமை ஒரு எலுமிச்சம்பழத்தை இரண்டாக நறுக்கி, குங்குமம் தடவி, நிலைக்கு உள்பக்கம் மூலைக்கு ஒன்றாக வைத்தேன். என் வீட்டில் சிமெண்டுத் தரையில் காலம் காலமாக வைக்கிறதுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பழத்தை எடுத்தால், அடியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவப்பாக ஒரு வட்டம். தொட்டுப் பார்த்தேன். சுற்றிலும் வழவழவென்று இருந்த கல் அங்கே மட்டும் சொரசொரவென்று இருந்தது. இரண்டு பக்கமும் அதே கதி.

யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும். கேட்டால் விஷயம் பரவிவிடுமே என்று பயம். குத்துவிளக்குக்கு வைத்திருந்த புளியை எடுத்துப் போட்டுத் தேய்த்தேன். பித்தளை புளியில்தானே பளிச்சென்று ஆகிறது? ஈரமாக இருக்கும்போது நன்றாகத்தான் தெரிந்தது. காய்ந்த பிறகு பார்த்தால், புளி பட்ட இடமெல்லாம் மங்கி, காசளவு இருந்தது சாப்பாட்டுத் தட்டு அளவு ஆகியிருந்தது. சிவப்பும் முழுசாகப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தெருமுனை டெலிபோன் பூத்துக்கு அந்த அக்கா போன் செய்தது. பேத்தி பிறந்திருக்கிறாள் என்று அத்தனை சந்தோஷம். வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, எல்லாம் நல்லா இருக்குக்கா என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் சிம்மக்கல்லில் ஒரு ஹார்டுவேர்ஸ் கடைக்குப் போய் கக்கூஸ் கழுவுகிற ஆசிட் ஒரு பாட்டில் கேட்டேன். கடைக்காரர் எடுத்து வைத்தார். பக்கத்தில் ஒருவர் தரை இழைக்கிற பாலிஷ் கல் வாங்கிக்கொண்டிருந்தார். முழங்கால் வரை வெள்ளைத் தூசி. வாய் சும்மா இருக்காமல், மார்பிளில் ஊற்றினால் ஒன்றும் ஆகாதே என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

பதில் அந்தத் தூசி மனிதரிடமிருந்து வந்தது. "தாராளமா ஊத்துங்கக்கா. கறையும் போகும், கல்லும் போகும்."

எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. முன்பின் தெரியாத அந்த ஆளிடம் சாவி, எலுமிச்சம்பழம், புளி, போனில் சொன்ன பொய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "மார்பிள் சுண்ணாம்புச் சாதி, அக்கா. புளிப்புப் பட்டா அரிச்சிரும். நீங்க அழுக்கைத் தேய்க்கல, கல்லைத்தான் தேய்ச்சிருக்கீங்க. அரிச்ச எடத்தத் திரும்ப இழைக்கணும், அம்புட்டுத்தேன்" என்றார்.

போகிற வழிதான், வந்து பார்க்கட்டுமா என்றும் கேட்டார். அடுத்தவர் வீட்டுக்குள் தெரியாத ஆளை எப்படி விடுவது? தயங்கினேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பையைத் துழாவி, தேய்ந்துபோன பாலிஷ் கல் மூன்று எடுத்தார். ஒன்று கரகர, அடுத்தது அதைவிட நைசு, கடைசி சோப்புக்கட்டி மாதிரி. கொஞ்சம் பாலிஷ் பவுடரைக் காகிதத்தில் மடித்துத் தந்தார். முதலில் ஆப்பசோடாவைக் குழைத்து அப்பி, மேலே பாலிதீன் காகிதம் போட்டு ஒரு நாள் விட்டுச் சிவப்பை இழுக்க வேண்டும். பிறகு தண்ணீர் விட்டு விட்டு ஒவ்வொரு கல்லாகத் தேய்க்க வேண்டும். ஒரு கல்லின் கீறல் மறைந்த பிறகுதான் அடுத்த கல். நடுவில் சுத்தமாகக் கழுவ வேண்டும். கடைசியில் ஈரத்துணியில் பவுடர். இரண்டு தடவை என்னைத் திருப்பிச் சொல்லவைத்தார். காசு வாங்கவில்லை. உங்கள் வீட்டம்மாவுக்குக் கொடுங்கள் என்று கூடையிலிருந்த மல்லிகையில் இரண்டு முழம் கொடுத்தேன். அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

சோடா சிவப்பை இழுத்த பிறகு, நாலைந்து மத்தியானம் அந்த வாசலில் சப்பணமிட்டு உட்கார்ந்து தேய்த்தேன். நார் அறுத்துக் காய்த்த விரல்தான், ஆனாலும் தோல் உரிந்தது. பாழாக்குகிறோமோ என்று ஒவ்வொரு தேய்ப்புக்கும் பயம். மூன்றாவது கல்லில் சொரசொரப்புப் போனது. பவுடர் போட்டுத் துடைத்த அன்றைக்கு என் முகமே மங்கலாக அதில் தெரிந்தது. அப்படி ஒரு நிம்மதியை நான் அதுவரை அறிந்ததில்லை.

அந்த நிம்மதி எழுந்து நின்று பார்க்கிற வரைக்கும்தான். கூடுதலாகத் தேய்த்துவிட்டேன். மற்ற தரையெல்லாம் சாதாரணமாக இருக்க, வாசலுக்கு இரண்டு பக்கமும் தட்டு அளவுக்குக் கண்ணாடி பதித்தது மாதிரி மின்னியது. குருடனுக்கும் தெரியும்.

அவர்கள் வந்து இறங்கிய அன்று பூவோடு போய் நின்றேன். அந்த அக்கா செருப்பைக் கழற்றும்போதே குனிந்து பார்த்தது.

"ஏம்மா, இந்த எடம் மட்டும் எப்படி இப்படி மின்னுது?"

ஒன்று விடாமல் சொன்னேன், போனில் சொன்ன பொய் உட்பட. வீட்டுக்கார அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையில் முழங்கால் போட்டார். விரலால் தடவினார். இருவரும் அவர்கள் பாஷையில் ஏதோ பேசிக்கொண்டார்கள். நீளமாகப் பேசினார்கள். என்னவெல்லாமோ நினைத்துக்கொண்டேன். கேட்பதற்கு முன்னால் நாமே கொடுத்துவிடுவோம் என்று இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினேன்.

அந்த அக்கா அதை வாங்கவில்லை. "அண்ணன் என்ன சொல்றாரு தெரியுமா? நடு ஹால்லயும் ஒரு நாலஞ்சு பழத்த வெச்சிட்டுப் போகச் சொல்றாரு. சாவிய உள்ள வையி. அடுத்த மாசம் பேத்தியப் பாக்க மறுபடி போறோம், யாரு விளக்கேத்துறது?"

நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போது நினைவில்லை. பழம் வைப்பதை நிறுத்தவும் இல்லை. சின்ன எவர்சில்வர் தட்டில் வைத்தேன், அவ்வளவுதான்.

பாலிஷ்காரரைத் தேடி அந்தக் கடைக்கு இரண்டு தடவை போனேன். வெளியூர் வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள். அவர் தந்த மூன்றாவது கல் இன்னும் என் பூக்கூடையில் கிடக்கிறது. இப்போதும் எதற்காவது நெஞ்சு படபடவென்று அடித்தால் அதைத் தொட்டுக்கொள்கிறேன்; ஒரு வார்த்தை கேட்கப் பயந்ததால்தானே காசளவு கறை தட்டளவு ஆனது என்று நினைத்து, கையை வைப்பதற்கு முன் வாயைத் திறந்து யாரிடமாவது கேட்டுவிடுகிறேன்.