உப்புப் பார்க்காத மூக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், திருத்தணி மலையடிவாரத்தில் காவடிக்காரர்களுக்குச் சோறு போடும் ஒரு சத்திரத்தில் நான் சமையல்காரன். முருகனுக்குப் படைக்கும்வரை எதையும் நாக்கில் வைக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். சாம்பாரில் உப்புக் குறைகிறதா, பருப்பு அடிபிடிக்கிறதா, எல்லாம் மூக்கு சொன்னால்தான் உண்டு.

அந்த மூக்கு ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் காலையில் சளியில் அடைத்துக்கொண்டது. பெருங்காய டப்பாவுக்குள் முகத்தை விட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை.

"சாயங்காலத்துக்குள்ள மூக்கு தெறக்கலன்னா, நாளைக்குக் கரண்டி உங்க பாவா கையிலதான்" என்றார் சத்திரத்து மணியக்காரர்.

பாவா என் அக்கா புருஷர். அந்தக் கரண்டிக்காகப் பல வருஷம் காத்திருந்தவர். என் தும்மல் சத்தம் கேட்டதுமே வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்தேன். என் மனைவி அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் வீட்டுப் பெண். "எங்க நைனா பஞ்சுத் தூசிக்குத் தெனம் மூக்கு கழுவுவாரு. தண்ணிய நல்லா கொதிக்க வச்சி, ஆற வச்சி, துளி உப்பு போட்டு ஊத்துங்க" என்று மூக்குவைத்த கெண்டியைக் கொடுத்துவிட்டு, பருப்பை அடுப்பில் ஏற்றப் போனாள்.

துளி என்றால் என் கைக்கு ஒரு பிடி. ஐந்நூறு பேருக்குப் போட்டுப் பழகிய கை! ஊற்றினேன். மிளகாயை அரைத்து மூளையில் அப்பினதுபோல் எரிந்தது. நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

"வாயில ஒரு சொட்டு வச்சிப் பாத்தா இன்னா? இது எந்தச் சாமிக்குப் படையல்?" என்றாள் மனைவி.

நியாயமான கேள்விதான். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

மறுபடியும் கொதிக்கவைத்து ஆற்றினாள். அவளே ருசி பார்த்தாள். "கண்ணீர் மாதிரி கரிச்சா போதும்." தலையைச் சாய்க்கச் சொல்லி, கெண்டியை மேல்பக்க மூக்குத் துவாரத்தில் வைத்தாள். "வாயால மூச்சு உடுங்க. பேசாதீங்க."

நான், பேசாமல்! அந்த நேரம் பார்த்துத்தானா பாவா வாசலில் வந்து நிற்க வேண்டும்? "இன்னா மச்சான், மாட்டுக்குத் தண்ணி காட்டிகினு கீறாங்களா?"

பதில் சொல்லப் போனேன். தண்ணீர் தொண்டையில் இறங்கி, புரையேறி, பாவாவின் வெள்ளை வேட்டி நனைந்தது.

"இன்னொரு வார்த்த பேசினீங்கன்னா, கரண்டிய நானே பாவாகிட்ட குடுத்துட்டு வருவேன்" என்றாள்.

ஊமையானேன். ஒரு பக்கம் விட்ட தண்ணீர் மறுபக்கமாக ஒழுகியது. மூக்கை மெதுவாகச் சிந்தினேன். ஏதோ ஒன்று லேசாக மூக்கில் ஏறியது.

"பருப்பு அடி புடிக்குது!"

அவள் அடுப்படிக்கு ஓடினாள். பாவா மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்றார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஆங், தீஞ்சிதான் போச்சி!"

அன்று மூன்று பேரும் அந்தத் தீய்ந்த பருப்பைத்தான் சாப்பிட்டோம். பாவா இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். மறுநாள் கரண்டி என் கையில் இருந்தது. பாவா இலை போட்டார்.