குறுக்குக் கட்டையில் இருந்த பெயர்

அன்று அந்த அதிகாரியிடம் நான் சொன்ன ‘ஆமா’ பொய்யா, உண்மையா? ஏழு வயதில் சொன்னது. இப்போது என் மகளுக்கு ஏழு வயது. இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய குப்பம் எங்களுடையது. அப்பா மீன்பிடிக்கப் போவார். அம்மாவின் தம்பி, என் மாமா, துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்தார். வாரம் முழுக்கப் பெரிய கப்பல்களை இழுத்துக் கட்டுகிறவருக்கு விடுமுறை நாளில் ஒரே ஒரு ஆசை. சின்னதாக ஒரு பாய்மரப் படகு வாங்கி, வலையும் தூண்டிலும் இல்லாமல், சும்மா கடலுக்குள் போய்விட்டு வரவேண்டும். எங்கள் குப்பத்தில் அப்படி ஒருவரும் போனதில்லை.

“மீனு புடிக்கத் துப்பில்ல, காத்து புடிக்கப் போறானாம்,” என்பாள் அம்மா.

“காத்த ஏலம் வுட வேணாம் பாருக்கா, அதான்,” என்பார் மாமா.

காசிமேட்டில் பழைய படகுகளை உடைக்கும் இடத்தில் அது கிடைத்தது. நாலு பேர் உட்காரலாம். உள்ளே நடுவில் ஒரு குறுக்குக் கட்டை, பாய்மரம் நட ஒரு குழி. யாருடையது என்று உடைப்பவருக்கும் தெரியவில்லை. ‘உரிமையாளர் அறியப்படாத பழைய படகு’ என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

எண் இல்லாத படகை முகத்துவாரம் தாண்டி விடமாட்டார்கள். மாமா பதிவுக்கு அலைய ஆரம்பித்தார். மீன்பிடிப் படகுகளுக்கு எண் கொடுக்கும் இடத்தில், மீன் பிடிக்காத படகு எங்களிடம் வராது என்றார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த மத்திய அரசு அலுவலகத்துக்கு என்னையும் ஒருமுறை கூட்டிப்போனார். அங்கே இருந்தவர் படகு எதற்கு என்று கேட்டார்.

“சும்மா போவத்தான் சார்.”

“சும்மான்னு எழுத இதுல எடமே இல்லப்பா.”

கடைசியில் ‘உல்லாசப் பயணம்’ என்று எழுதினார்கள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அம்மா ஒரு மாதம் மாமாவுக்குச் சோறு பரிமாறினாள்.

படகை எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலு டயர்களின் மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பள்ளி விட்டு வந்ததும் நான் அதன் அடியில் புகுந்து படுத்துக்கொள்வேன். வெளியே அனல்மின் நிலையத்தின் சாம்பல் வெயிலில் மிதக்கும். உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். மின் நிலையத்தின் இரைச்சல் மரத்துக்குள் நுழைந்ததும் வேறு மாதிரி ஆகிவிடும். பக்கத்து அறையில் யாரோ குரலைத் தாழ்த்திப் பேசுவதுபோல. கை நீட்டினால் குறுக்குக் கட்டை எட்டும். அதைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். கவிழ்த்த படகில் தண்ணீர் நிற்க வழியில்லை. ஆனால் அந்தக் கட்டை சில நாள் ஈரமாக இருக்கும். விரலை வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். பழைய மரம் அப்படித்தான் என்றார் அப்பா.

விண்ணப்பத்தில் படகின் பெயர் எழுதவேண்டிய நாள் வந்தது. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதுப் படகுக்கு வீட்டுப் பெண்பிள்ளை வாயால் பெயர் சொல்லவேண்டும். சொன்ன பிறகு மாற்றக் கூடாது. மாற்றினால் படகு கரை திரும்பாது என்பார்கள். என்னை நிற்கவைத்துக் கேட்டார்கள். யோசிக்காமலே சொன்னேன்.

“பிலோமினா.”

“யார்டி அது? உன் டீச்சரா?” என்றாள் அம்மா. இல்லை. எங்கள் சொந்தத்திலோ தெருவிலோ அந்தப் பெயரில் யாரும் இல்லை. ராயபுரம் சர்ச் பக்கம் எங்காவது கேட்டிருப்பாள் என்று அப்பா முடித்துவைத்தார். கேட்டிருக்கலாம். எனக்கு நினைவில்லை.

சில மாதங்களில் எண் ஒதுக்கிக் கடிதம் வந்தது. அந்த எண்ணைக் குறுக்குக் கட்டையில் ஆழமாகச் செதுக்கவேண்டும். பிறகு அதிகாரி வந்து பார்த்தால்தான் சான்றிதழ். மாமா படகை நிமிர்த்தி வைத்துக் கட்டையின் வண்ணத்தைச் சுரண்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளை போயிற்று, நீலம் வந்தது. அதற்கடியில் பச்சை. பச்சைக்கும் கீழே, பள்ளம் அடைக்கும் பட்டி மாவு வைத்து வழவழப்பாகத் தேய்த்திருந்தார்கள். உளி பட்டதும் பட்டி பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே எழுத்துகள். நான்தான் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

பி. லோ. மி. னா.

மாமா உளியைக் கீழே வைத்துவிட்டார். “இத்த நீ முன்னாடியே பாத்துக்கீறியா?”

“இல்ல மாமா.”

பல வருடம் கழித்து, என் மகளுக்கு உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைத் தடவவைத்துத்தான் பள்ளியில் எழுத்து சொல்லித்தந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டும் சரியாகச் சொல்வாள். என் விரலும் அப்படித்தான் படித்திருக்குமோ என்று அப்போது நினைத்தேன். ஆனால் அந்தக் கட்டை வழவழப்பாக இருந்தது. மூன்று வண்ணமும் பட்டியும் தாண்டி விரல் எப்படிப் படிக்கும்?

பழைய பெயர் இருந்தால் பழைய பதிவும் இருக்கும். அதைத் தேடி, பழைய உரிமையாளரைக் கண்டுபிடித்து, அவர் கையெழுத்துப் போட்டால்தான் மேற்கொண்டு நகரும். மாமாவின் காகிதம் ஏதோ ஒரு பீரோவின் மேல் ஏறிவிடும். வழக்கப்படி பெயரை மாற்றவும் முடியாது. மாமா அந்த எழுத்துகளை ஒருமுறை விரலால் தடவினார். பிறகு போய் பட்டி கலக்கிக்கொண்டு வந்து அவற்றை அடைத்தார். முன்பு யாரோ செய்த அதே வேலை. எண்ணைக் கட்டையின் ஓரத்தில் செதுக்கி, மேலே வெள்ளை அடித்தார்.

“அம்மாகிட்ட சொல்லாத. மொத சவாரி உனக்குத்தான்,” என்றார்.

அதிகாரி ஒரு மத்தியான வேளையில் வந்தார். நாடா பிடித்து அளந்தார். எண்ணைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். வேறு பழைய எண், பெயர் ஏதாவது இருந்ததா என்று மாமாவிடம் கேட்டார். மாமா குனிந்து நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தார். அதிகாரி என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“பாப்பா, இந்தப் பேரை நீதான் வச்சியா?”

மாமா என்னைப் பார்க்காமல் படகையே பார்த்தார். நான் “ஆமா” என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

பின்புறப் பலகையில் ‘பிலோமினா – சென்னை’ என்று கறுப்பில் எழுதினோம். தண்ணீரில் இறக்கும் நாளில் அம்மா கற்பூரம் காட்டினாள். அப்பா தேங்காய் உடைத்தார். நான் தீபாவளிப் பாவாடையில் தயாராக நின்றேன். அப்போதுதான் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கரையோரம் வந்தார். முழுக்கை வெள்ளைச் சட்டை, கையில் மீன் பை. பலகையில் இருந்த பெயரை வாய்விட்டுப் படித்தார். சைக்கிளை மணலில் அப்படியே சாய்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“யாரு வச்ச பேருப்பா இது?”

“நம்ம பாப்பாதாண்ணா,” என்றார் மாமா.

அவர் குனிந்து படகுக்குள் கையை நுழைத்தார். புது வெள்ளையில் எந்த அடையாளமும் இல்லை. ஆனால் குறுக்குக் கட்டையில் பட்டி வைத்த அந்த இடத்தின் மேல், அங்கே மட்டும், உள்ளங்கையைப் பதித்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

“நீஞ்சத் தெரியுமாம்மா?”

“தெரியாது.”

“கத்துக்கோ,” என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். திரும்பிப் பார்க்கவில்லை. அதன்பிறகு அவரை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

மாமா அன்று என்னை ஏற்றவில்லை. தனியாகப் போய்த் தனியாக வந்தார். அடுத்த வாரமும் அப்படியே. நான் அழுது புரண்டேன். சொன்ன வாக்கைக் காப்பாற்றாதவர் என்று சில வருடங்கள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவே இல்லை. வந்தவர் யார், அவருக்கு யார் அந்தப் பெயர், மாமா ஏன் என்னைக் கரையிலேயே விட்டுப் போனார் என்பதெல்லாம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. பாவாடை கசங்கியதுதான் பெரிய துக்கமாக இருந்தது.

இப்போது மாமாவுக்கு முட்டி வலி. கடலுக்குப் போவதில்லை. படகை என் பெயருக்கு மாற்றித் தருகிறேன் என்று விண்ணப்பத்தைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். என் மகள் குதித்துக்கொண்டிருக்கிறாள். முதல் வேலையாக அவளை நீச்சல் வகுப்பில் சேர்த்தேன். இப்போது என்ன அவசரம் என்று கணவர் கேட்டார். நான் கட்டண ரசீதை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். ஒரு இடம் மட்டும் மூன்று வாரமாகக் காலியாக இருக்கிறது. ‘படகுக்கு முன்பு வேறு பதிவோ பெயரோ இருந்திருந்தால் குறிப்பிடவும்.’ எழுதினால் மாமா அன்று மறைத்தது வெளியே வரும். இந்த வயதில் அவரை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். அந்தச் சைக்கிள்காரர் உயிரோடு இருந்தால் அவரையும் தேடிப் போவார்கள். எழுதாவிட்டால், கடல் கொண்டுபோயிருக்கக்கூடிய அந்தப் பெண்ணை மூன்றாவது முறையாக மூடுவது நானாக இருப்பேன். அதே படகில் என் மகளையும் உட்காரவைக்க வேண்டும்.

அந்த இடத்தில் நான் என்ன எழுதட்டும்? உங்களில் யாருக்காவது தோன்றினால் தயவுசெய்து சொல்லுங்கள்.