பூட்டு சாரின் வெளிநாட்டுப் பயணம்

என் வீட்டுக்காரரை அலுவலகத்தில் நேரில் 'சார்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'பூட்டு சார்'. ஒரு வங்கியில் கார்டு மோசடித் தடுப்புப் பிரிவில் வேலை. உங்கள் கார்டை எவனாவது திருடி எங்கேயாவது தேய்த்தால், அதைக் கண்டுபிடித்து முடக்கிவிட்டு, "இதை வாங்கினது நீங்கதானா?" என்று உங்களுக்குப் போன் போடுவது இவருடைய பிரிவு. மொத்தமே நாலு பேர், இவர்தான் மூத்தவர். உலகத்தில் எல்லோரும் திருடர்கள், இன்னும் பிடிபடாதவர்களைத்தான் நாம் சொந்தக்காரர்கள் என்கிறோம் என்பது இவர் கொள்கை.

வீட்டிலும் அதே சட்டம்தான். அழைப்புமணி அடித்தால் "யாரு?" என்பார். பதில் வந்ததும் "அதுக்கு என்ன ஆதாரம்?" என்பார். என் சொந்தத் தம்பி ஒரு தடவை வாசலில் நின்று எங்கள் அப்பாவின் பிறந்த தேதியை ஒப்பித்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

கார்டு வாங்கும்போது வங்கியில் ஒரு ரகசியக் கேள்வி கேட்டு வைத்துக்கொள்வார்கள் அல்லவா? பின்னால் நாம் நாம்தான் என்று நிரூபிக்க அதன் பதிலைச் சொல்ல வேண்டும். இவர் எங்களுக்கு அதிலும் பாடம் எடுத்திருக்கிறார்.

"உண்மையை மட்டும் எழுதவே கூடாது. உன் முதல் பள்ளிக்கூடம் எதுன்னு பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியும். பச்சைப் பொய்யா எழுதணும். அப்பதான் திருடன் தலைகீழா நின்னாலும் கண்டுபிடிக்க முடியாது."

ஆகவே என் கார்டின் கணக்குப்படி என் அம்மா பிறந்த ஊர் நிலா. மகள் கார்டின் கணக்குப்படி அவளுடைய முதல் பள்ளிக்கூடம் மூக்கு. இவர் தன் கார்டுக்கு என்ன பொய் எழுதினார் என்று மட்டும் கட்டிய பெண்டாட்டியான எனக்கே தெரியாது.

இதையெல்லாம் கேட்டு மனுஷனைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி இவர் கையால்தான். நான் படுக்கையை விட்டு எழுந்திருக்கும் முன்பே டம்ளர் வந்துவிடும். நான் குடித்து முடித்து "பிரமாதம்" என்று சொல்லும்வரை பக்கத்திலேயே நிற்பார். அதேபோல, புதுப்பெண்ணாக நான் முதன்முதலில் சமைத்துப் போட்டது கத்தரிக்காய் வதக்கல். "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "இனிமே எனக்கு இது ஒண்ணு போதும்" என்றார். அன்று பிடித்து வாரம் தவறாமல் செய்கிறேன். தட்டில் ஒரு துண்டு மிச்சம் வைத்ததில்லை.

எங்கள் மகள் வெளிநாட்டில் படித்தாள். படிப்பு முடிந்து பட்டமளிப்பு விழா வந்தது. அவளுடைய பள்ளிக்கூட ஆண்டு விழா ஒன்றுக்குக்கூட இவர் போனதில்லை. விழா, விடுமுறை என்றாலே கடைகளில் கூட்டம், கூட்டம் என்றால் கார்டு திருடர்களுக்கு அறுவடை, ஆகவே இவருக்கு லீவு கிடையாது. அவளும் கேட்டுக் கேட்டு அலுத்து, கேட்பதையே விட்டிருந்தாள். இந்தத் தடவை மட்டும் போனில், "அப்பா, நான் மேடை ஏறும்போது நீங்க கீழ உட்கார்ந்திருக்கணும். வேற எதுவும் வேணாம்" என்றாள். இவர் போனை வைத்துவிட்டு அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டுகளைத் தேடி எடுத்தார். பிறகு, "போறோம்" என்றார்.

போவது யாருக்கும் தெரியக் கூடாது என்றார். வீடு பூட்டிக் கிடப்பது வெளியே தெரிந்தால் வேறு வினையே வேண்டாமாம். பக்கத்து வீட்டில் மூச்சு விடவில்லை. அலுவலகத்தில் முதுகு வலி என்று சொல்லி லீவு எடுத்தார். வெளிநாடு போகிறவர்கள் வங்கிக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கார்டு முடங்கும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவர் இவர்தான். இவர் சொன்னாரா? சொல்லவில்லை.

"அது எங்க பிரிவுக்குத்தான் வரும். நாலு பேர் பார்ப்பாங்க" என்றார்.

அந்த நாலு பேரில் இவரும் ஒருவர்.

என் கார்டை அரிசி டப்பாவுக்குள் புதைத்தார். ரொக்கமும் கொஞ்சம்தான். "பணம் தொலைஞ்சா போனதுதான். கார்டு தொலைஞ்சா ஒரே போன்ல நிறுத்திடலாம்" என்றார். அந்த ரொக்கத்தை, மகள் படித்த ஊருக்கு ரயில் பிடிக்க விமான நிலையத்திலிருந்து ரயில் நிலையம் வந்த டாக்சியே முழுங்கிவிட்டது.

எனக்கோ விமானத்தில் இருந்தே தாகம். தண்ணீர் கேட்டால், வெளிநாட்டில் கார்டைத் தேய்த்தால் நூற்றுக்கு மூன்றரை கூடுதல் கட்டணம் பிடிப்பார்கள் என்றார். பிடிப்பது இவருடைய வங்கியேதான்.

"எல்லாத்தையும் சேர்த்து ஒரே தடவையா வாங்கிக்கலாம்."

"ஏங்க, சேர்த்து வாங்கினாலும் நூத்துக்கு மூணரை மூணரைதானே?"

"வாங்காமலே இருந்தா?"

நான் ரயில் நிலையத்தின் நடுவில் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் வராமல் எழுந்திருக்கமாட்டேன் என்றேன். வேறு வழியில்லாமல் ஒரு பாட்டில் வாங்கப் போனார். கடை இயந்திரம், நம் ஊர்ப் பணமாக எடுக்கவா, இந்த ஊர்ப் பணமாக எடுக்கவா என்று கேட்டது. இவருக்கு முகமெல்லாம் பல்.

"பாத்தியா, பாத்தியா! நம்ம பணத்துல காட்டுறோம்னு ஆசை காட்டுவாங்க. அப்புறம் அவங்க இஷ்டத்துக்கு ஒரு விலை வச்சு மாத்துவாங்க. இந்த ஊர்ப் பணத்தைத்தான் அமுக்கணும்" என்று வெற்றிகரமாக அமுக்கினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

அடுத்து டிக்கெட். அங்கே ஆள் இல்லை, இயந்திரம்தான், அதுவும் கார்டு மட்டும்தான். இரண்டு பேருக்கும் போக வர டிக்கெட், நல்ல விலை. கார்டைச் செருகினார். ஏற்கவில்லை. துடைத்துச் செருகினார். ஏற்கவில்லை. அந்த ரயிலை விட்டால் அடுத்ததில் போய் நாற்காலிகளைத்தான் பார்க்கலாம், விழா முடிந்திருக்கும். மகளைக் கூப்பிட்டால் அவள் போன் அணைந்திருந்தது.

இவர் முகம் வெளுத்துவிட்டது. "தண்ணி பாட்டில்!" என்றார்.

"அது என்னங்க பண்ணுச்சு?"

"திருட்டுக் கார்டு வச்சிருக்கிறவன் அப்படித்தான் செய்வான். முதல்ல சின்னதா ஒண்ணு வாங்கி, கார்டு வேலை செய்யுதான்னு பார்ப்பான். உடனே பெரிசா அடிப்பான். ஊரையே தாண்டாத கார்டு, வெளிநாட்டுல இப்படி ஆச்சுன்னா அந்த நிமிஷமே முடக்கணும்."

"எவன் வச்சான் இந்தச் சட்டத்தை?"

இவர் கார்டை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

தன் பிரிவுக்கே போன் போட்டார். எடுத்தது இவருக்கு எதிர் சீட்டில் வருஷக்கணக்காக உட்காரும் அம்மா. இரைச்சலில் காது கேட்காமல், போனை எனக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தார்.

"அம்மா, நான்தான். என் கார்டைத் திறந்துவிடுங்க, அவசரம்."

"நான்தான்னா யாரு?"

"உங்க எதிர் சீட்டும்மா! குரல் தெரியலையா?"

"குரல் அப்படியே எங்க சார் மாதிரியே இருக்கு. நல்லாத்தான் பழகியிருக்கீங்க. ஆனா எங்க சார் முதுகு வலின்னு வீட்டுல படுத்திருக்காரு. 'நான் உங்க ஆபீஸ்தான்'னு எவன் சொன்னாலும் அவன்தான் முதல் திருடன்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவருதான்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ரயில் வந்து நடைமேடையில் நின்றது.

"ரகசியக் கேள்வி கேக்குறேன்" என்றார் அந்த அம்மா. "தப்பாச் சொன்னா கார்டு நிரந்தரமா நின்னுடும். உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச சாப்பாடு எது?"

இவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"என்னங்க, மறந்துட்டீங்களா?"

"இல்ல... நீ கொஞ்சம் அந்தப் பக்கம் போயேன்."

"இங்க யாருக்குங்க நம்ம பாஷை தெரியும்? சொல்லித் தொலைங்க! புள்ள மேடையில நிப்பா!"

கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஊசி போட்டுக்கொள்கிறவர்போல, "கத்தரிக்காய் வதக்கல்" என்றார்.

"சரியான பதில்" என்றது போன். "ஐயோ சார், நிஜமாவே நீங்கதானா? முதுகு எப்படி இருக்கு?"

டிக்கெட் வந்தது. ஓடிப் போய் ஏறினோம். உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. உண்மையை மட்டும் எழுதவே கூடாது. பச்சைப் பொய்யாக எழுத வேண்டும்.

"எப்போலேர்ந்து பிடிக்காது?" என்றேன்.

"சின்ன வயசுலேர்ந்தே" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி. "அன்னைக்கு நீ கேட்டுட்டு என் வாயையே பாத்துட்டு நின்ன. பிடிக்கலைன்னு சொல்ல மனசு வரல. அப்புறம் சொல்ல நேரமே வாய்க்கல."

கோபம் வந்தது. வாராவாரம் பொடிப்பொடியாக நறுக்கிய கை இது. ஆனால் ஒரு துண்டு மிச்சம் வைக்காத தட்டும் நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷம் முகம் சுளிக்காமல் விழுங்கியிருக்கிறாரே மனுஷன்! பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை நீட்டினேன்.

விழாவுக்கு நேரத்துக்குப் போய்விட்டோம். மகள் மேடையில் ஏறிக் கூட்டத்தில் எங்களைத் தேடினாள். அப்பாவைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். இவர் எழுந்து நின்று கைதட்டினார், எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டினார். வெளியே வந்ததும், முன்பின் தெரியாத ஒருவரிடம் தன் போனையே கொடுத்து எங்கள் மூவரையும் படம் எடுக்கச் சொன்னார். மகள் என் காதில், "அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள்.

திரும்பி வரும் ரயிலில் இவருக்குப் பழைய புத்தி வந்துவிட்டது.

"பதில் வெளிய தெரிஞ்சுடுச்சு. மாத்தணும்."

"யாருக்குத் தெரிஞ்சுடுச்சு?"

"உனக்கு."

முறைத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, இதுவரை யாரிடமும் கேட்காததை என்னிடம் கேட்டார். "சரி, நீயே ஒரு பொய் சொல்லு. நமக்கு ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சதா இருக்கட்டும்."

நான் அவர் காதருகே குனிந்து, கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லிவரும் ஒரு பொய்யைச் சொன்னேன்.

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "நிஜமாவா? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையுமா?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும்."

அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்த எதிர் சீட்டு அம்மாவைக் கூப்பிட்டுப் பதிலை மாற்றினார்.

அது என்ன பதில் என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் யார் என்பதற்கு என்ன ஆதாரம்?