கடைசிப் பானைத் தண்ணீர்

ஆசீர்வாதம் அண்ணாச்சி தவறிவிட்டார் என்று பாளையங்கோட்டையிலிருந்து வந்த வண்டிக்காரர் சொன்னபோது, நான் சாயத் தொட்டியில் நூலை முக்கிக்கொண்டிருந்தேன். "யாரைச் சொல்லுதீரு? வாயைக் கழுவும் வே!" என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்! கையில் ஒட்டிய சாயக் கறுப்போடேயே போய்க் குழியில் மண் போட்டுவிட்டு வந்தேன்.

கோயிலில் அவர் பாடிய பாட்டுகள் உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். எனக்கு அவர் என்றால் கரிதான். வீரவநல்லூர்ப் பக்கம் வாய்க்கால் கரையில் நாங்கள் இருவரும் கூட்டாகச் சாயப்பட்டறை நடத்தினோம். சீமைச் சாயம் வந்த பிறகு, நாங்கள் விட்ட கழிவு வாய்க்காலையே நிறம் மாற்றியது. ஒருநாள் கீழ்த்துறையிலிருந்து இசக்கியம்மாள் ஈரச் சேலையோடு பட்டறை வாசலுக்கு வந்துவிட்டாள்.

"நல்லா இருப்பீகளா அண்ணாச்சி? பச்சப்புள்ளைக்கு இந்தத் தண்ணியத்தானே காய்ச்சிக் குடுக்கேன்!"

நான் பதிலுக்குக் கத்த வாயெடுத்தேன். அண்ணாச்சி என் தோளை அழுத்தினார். "சும்மா இரும் வே. அந்தம்மா சொல்லுதது நியாயம்."

வீட்டில் குடிதண்ணீருக்கு மணலும் கரியும் போட்டுப் பானை அடுக்குவோமே, அதையே அவர் பெரிதாகச் செய்தார். ஊரெல்லாம் தேங்காய்ச் சிரட்டை பொறுக்கிச் சுட்டுக் கரியாக்கினார். ஓட்டை போட்ட பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, கரியை இடித்து நிரப்பினார். மேலே ஊற்றிய கறுப்புத் தண்ணீர் அடிப்பானையில் பளிங்காய்ச் சொட்டியதைப் பார்த்து, நான் வாய்விட்டுக் கூவிவிட்டேன். பார்க்க வந்திருந்த ஊர்ப் பெண்கள் அசையவில்லை. "நீரு குடியும், பாப்போம்" என்றாள் இசக்கியம்மாள். அண்ணாச்சி ஒரு டம்ளர் மொண்டு மடமடவென்று குடித்தார்.

அன்றோடு விட்டிருக்கலாம். மனுஷன் விட்டாரா? தினமும் காலையில் ஒரு டம்ளர் குடித்த பிறகுதான், வடிந்த தண்ணீரை வாய்க்காலுக்கு விடும் மடையைத் திறப்பார். "நான் குடிக்காத தண்ணிய ஊருக்கு விடமாட்டேன்" என்பார். லேசாகத் துவர்க்கிறது என்று ஒருதரம் சொன்னார். கரியின் துவர்ப்பாக இருக்கும் என்று இருவரும் பேசிக்கொண்டோம். நிறம் போய்விட்டதே, வேறென்ன இருக்கப்போகிறது?

பிறகு வயிற்று வலி, வாந்தி. உடம்பு உருகிப் போனது. பிள்ளைகள் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே வைத்தியர் குடல் புண் என்றாராம். கடைசியாகப் பார்க்கப் போனபோதும், "கரிய மாத்தினீரா வே?" என்றுதான் கேட்டார். மாற்றிவிட்டேன் என்றேன். பைய என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடக்கம் முடிந்து திரும்பியதும் அந்தத் துவர்ப்புதான் மனதை அரித்தது. கறுப்புச் சாயம் பிடிக்க மயில்துத்தம் போடுகிறோம்; அது விஷம், அதுவும் துவர்க்கும். வாய்க்காலில் கெண்டைக் குஞ்சுகள் பிடித்து அடிப்பானையில் விட்டேன். பளிங்கு போன்ற அந்தத் தண்ணீரில், பொழுது சாய்வதற்குள் எல்லாம் வயிறு மேலாக மிதந்தன. கரி நிறத்தைப் பிடித்துக்கொண்டது. துத்தத்தை விட்டுவிட்டது. ஐயோ அண்ணாச்சி, அதையா ஐயா தினம் தினம் குடித்தீர்!

மடையை அன்றே மண் வைத்து அடைத்தேன். மயில்துத்தம் போடும் கறுப்பையும் நிறுத்திவிட்டேன்; இப்போது மற்ற நிறங்களின் கழிவுதான் பானைக்குப் போகிறது. அவருடைய டம்ளர் என்னிடம்தான் இருக்கிறது. தினமும் காலையில் அதில் கெண்டைக் குஞ்சுகளை மொண்டு அடிப்பானையில் விடுகிறேன். அவை பிழைத்துக் கிடந்தால்தான் மடை திறக்கும். இனி எவரும் அந்தத் தண்ணீரைக் குடித்துக் காட்ட வேண்டாம்.